அழுகிறாளா, கூப்பிடுகிறாளா

மார்ச் 4, செவ்வாய்

மூட்டு வலி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மகனிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

பஸ் டிப்போவிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா இருக்கிற முதியோர் இல்லத்து நர்ஸ் ஏதோ அனுப்பியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான். பெரியம்மா நாள் முழுக்க ‘சின்னி, சின்னி’ என்று க்ரை பண்ணுகிறார், சின்னி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள்.

“க்ரைன்னா அழுகைம்மா. உன் பேரைச் சொல்லி அழுவுறாங்களாம்.”

என்னைச் சின்னி என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பவள் அக்கா ஒருத்திதான்.

அழுகிறாளா? அவளா?

மார்ச் 5

அம்மா செத்த அன்று அக்கா கட்டியிருந்தது ஊதாப் புடவை. ரவிக்கையில் மேல் கொக்கி போய் ஊக்கு குத்தியிருந்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் தரையில் புரண்டு அழுதேன். பக்கத்தில் வந்து, காதோடு சொன்னாளா என்றால் இல்லை, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “போதும்டி. யார் பார்க்கணும்னு இப்படி அழுவுற?”

சித்தப்பா சிரித்தார். அவரையும் மறக்கவில்லை.

அன்றைக்கு விட்ட பேச்சு. அவள் மகன் கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், முகம் பார்க்காமல் வந்தேன்.

இப்போது அவள் அழுகிறாள். அழட்டும். மனசு குளிர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குளிரவில்லையே, ஏன்?

மார்ச் 7

பேத்தி வந்தாள். இங்கிலீஷ் டீச்சருக்குப் படிக்கிறவள். போனை வாங்கிப் படித்துவிட்டு, “அப்பா அரைகுறை. க்ரைன்னா அழுறது மட்டும் இல்ல பாட்டி, கத்திக் கூப்பிடுறதும் க்ரைதான்” என்றாள்.

“இதுல எது?”

“இதுல கண்ணீர்னு ஒண்ணும் இல்லையே. கூப்பிடுறாங்கன்னுதான் தோணுது.”

“ரெண்டும் சேர்ந்திருக்கலாம் அத்தை” என்றாள் மருமகள். அவளுக்கு எப்போதும் ரெண்டு படகிலும் கால்.

அழுதால் போய்ப் பார்க்கலாம். கத்தினால் எதற்குப் போக வேண்டும்? அவள் கத்தலைச் சின்ன வயசிலேயே வயிறு நிறையக் கேட்டாச்சு. டாக்டர் வேறு மகனிடம் சொல்லியிருக்கிறாராம், பார்க்கணும்னா சீக்கிரம் பார்த்துடுங்க என்று. அதை என்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறான் மகராசன்.

மார்ச் 8

ஒரே சொல்லுக்கு ரெண்டு வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று திட்டினேன். பேத்தி விடவில்லை. “நேத்து குழாய்க்காரனுக்குக் காசு அழுதேன்னு சொன்னியே, அப்ப நீ கண்ணீரா விட்ட?”

தமிழும் அப்படித்தான் போலிருக்கிறது. கூப்பாடு என்கிறோம், அதிலும் கூப்பிடுவதுதான் இருக்கிறது. இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

இந்த க்ரை எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல் என்றேன். போனில் தேடிச் சொன்னாள். ரோமாபுரிக்காரர்கள் ஆபத்து என்றால் ஊர்ஜனங்களே என்று தங்கள் பாஷையில் கத்துவார்களாம், அதிலிருந்து வந்திருக்கலாமாம். “அதெல்லாம் இல்ல, பன்னி கத்துற சத்தத்துலேருந்து வந்ததுன்னும் சிலபேர் சொல்றாங்க பாட்டி.”

“அதான் உங்க பெரிய பாட்டிக்குப் பொருத்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். முதலில் கத்துவது, கெஞ்சுவது என்றுதான் அர்த்தமாம். கண்ணீர் ரொம்பப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாம். அப்படியானால் அக்கா எந்தக் காலத்தில் நிற்கிறாள்? முன்னாலா, பின்னாலா?

மார்ச் 9

கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று நர்ஸிடம் கேட்டு எழுதச் சொன்னேன். பதில் வந்தது. வயசான கண், எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்கிறாள்.

இது ஒரு பதிலா?

மார்ச் 10

நர்ஸ் போனை அக்கா வாய்ப்பக்கம் வைத்தாள். மகன், மருமகள், நான், மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

“சின்னீ...” என்று இழுத்தாள். கொஞ்சம் விட்டு மறுபடியும். மகன் அழுகை என்றான். மருமகள் கூப்பிடுறாங்க என்றாள் — இவளா இப்படி ஒரு பக்கம் பேசுகிறாள். எனக்கு? கூடப் பிறந்தவள் எனக்கே தெரியவில்லை. கோபமா, ஏக்கமா, வலியா, ஒன்றும் பிடிபடவில்லை. என்னடி அக்கா, என்ன வேணும் உனக்கு, ஒழுங்காச் சொல்லித் தொலையேன் — போனை வைத்த பிறகுதான் இது வாயில் வந்தது. முன்னால் வரவில்லை.

மார்ச் 11

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது என்ன சத்தம் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 13, இல்லம்

அக்கா பாதியாகிவிட்டாள். கட்டிலில் ஒரு மூலைதான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. கண் ஈரம்தான், நர்ஸ் சொன்னது சரி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னி வந்திருக்கேன் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, சின்னியைக் காணோம்மா. தெரு முனை வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். வரமாட்டேங்குறா.”

என்னை அம்மா என்று நினைக்கிறாள். இத்தனை நாளும் அவள் என்னைத் தேடிக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறாள். நான் இதை என்னவென்று எழுதுவது? அழுகையும் இல்லை, அதட்டலும் இல்லை. எங்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறதா?

“இருட்டிடுச்சும்மா” என்றாள். வெளியே வெயில் கொளுத்துகிறது.

“வீட்டுக்கு வந்துட்டாடி. உள்ளே சாப்பிட்டுட்டு இருக்கா” என்றேன்.

மார்ச் 14

நேற்று அப்புறம் கூப்பிடவே இல்லை என்று நர்ஸ் சைகையில் காட்டினாள்.

மார்ச் 15

இன்றைக்குத் திரும்ப வேண்டியது. இன்னும் நாலு துணி கொடுத்து அனுப்பச் சொல்லி மருமகளிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்கு அத்தை என்றாள். தெரியலம்மா.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “லேட்டா வந்ததுக்கு அவளைத் திட்டாதேம்மா. அவ அழுதுடுவா.”

திட்ட மாட்டேன் என்றேன்.