உரித்த லேபிள்

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், சளிகூட விட்டுவிட்டது. உன் இடுப்பு வலி தேவலையா? உன் அப்பாவுக்கு, மாமாவுக்கு, என் வணக்கத்தைச் சொல்.

செவ்வாய்க்கிழமை போனில், "பாப்பாவுக்கு இனிமே தேன் குடுக்காதே, உடனே டாக்டர்கிட்ட காட்டு" என்று கத்தினேன். ஏன் என்று நீ கேட்டதும் வைத்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் அனுப்பிய தேனை நாக்கில் தடவியதும் பாப்பா சப்புக்கொட்டியதை, அன்று எங்கள் தேன் கம்பெனியில் பாட்டில் மூடி திருகும் அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை அப்படியே நின்றது.

"நாலு மாசக் குழந்தைக்கா? தேன்ல ஒரு கிருமி இருக்கலாம். நமக்கு ஒண்ணும் பண்ணாது, பச்சப்புள்ள வயித்துல வளந்து விஷமாயிடும். ஒரு வயசு வரைக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீ ஒட்டுற லேபிள்லயே இருக்கே, படிச்சதில்லையா?"

எட்டு மாதமாக ஒட்டுகிறேன். நேராக இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, ஒருநாளும் படித்ததில்லை. உனக்கு அனுப்பியது, லேபிள் கோணிப்போனதால் கழித்த பாட்டில். மாமா பார்த்தால் இளப்பமாகப் போய்விடுமே என்று, வெந்நீரில் ஊறவைத்து நானே அதை உரித்தெடுத்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை, சில வாரம் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னதாக நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மலச்சிக்கல் வந்தாலோ, பால் குடிக்கச் சோர்ந்தாலோ, கழுத்து துவண்டாலோ, அழுகை மெலிந்தாலோ தூக்கிக்கொண்டு ஓடு. லேபிளை நான் உரித்த உண்மையை மாமாவிடம் சொல்லிவிடு.

கம்பெனி வேன் வந்துவிட்டது. ஒரே ஒரு உதவி. தினமும் காலையில் பாப்பா அழும்போது உடனே தூக்காமல், அதைப் போனில் பதிந்து அனுப்பு. வீடே அதிரக் கத்தட்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் லேபிளில் கை வைப்பேன்.

பாப்பா அப்பா