அப்பாவின் ஏழு வெள்ளைச் சட்டைகள்

குன்னூர்,
18-8-2002

அன்புள்ள கீர்த்திக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி கனிஷ்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்தப் புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் விளக்கு வைக்கும்போது என் வேண்டுதல். உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே சாமி. எழுத உட்காருவேன், அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்றைக்கு எழுதியே தீருவதென்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சும்மா கிடக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு தினுசுக் காகிதம் கிடைக்கிறது. அதில் படத்தை இடவலமாகத் திருப்பி எடுத்து, வெளிர் நிறப் பனியன்மேல் கவிழ்த்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினால் படம் துணிக்குப் போய்விடும், காகிதத்தை உரித்துவிடலாம். ஊட்டி ஏரிப் பக்கம் கடை வைத்திருக்கும் செலஸ்டின் அக்கா, மலை ரயில் படம் போட்டுப் பத்து பனியன் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரே வாரத்தில் போன் வந்தது. ஏனுங்க சசி, உங்க ரயிலு ஒரு துவைப்புக்கே தண்டவாளத்தை உட்டு எறங்கிருச்சுங்களே என்று சிரித்தார்கள். சிரித்தாலும், இன்னொரு தடவை சரியாக வராவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். பனியன்கள் திரும்பி வந்தன. சூடு போதவில்லையா, இந்த மழைக்குக் காகிதம் நமுத்துவிட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை.

தேயிலை ஃபேக்டரி பூட்டிப் பதினாலு மாதமாகியும் அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு காலை ஏழரைக்கு கேட் வரை போய்வந்தது உனக்குத் தெரியும். இலை விலை ஏறினால் திறந்துவிடுவார்கள், திறக்கிற அன்று ஆபீசில் கிளார்க் இல்லாவிட்டால் எப்படி என்பார். நானும் ஞாயிறு தவறாமல் கஞ்சி போட்டு வைப்பேன். போன மாதம், சோதித்துப் பார்க்கப் பழைய தலையணை உறை ஏதாவது அகப்படுமா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, பீரோவிலிருந்து அந்தச் சட்டை ஏழையும் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இதுல போட்டுப் பாரு சசி, இனி இது எதுக்கு என்றார். ஒன்று போதுங்க என்றேன். எல்லாத்தையும் எடுத்துக்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நகம் பட்டதும் படம் பாலாடை மாதிரி எழும்பி வந்தது. அப்பா வந்து காலரைத் தடவிப் பார்த்து, கஞ்சி புள்ள, கஞ்சி இருந்தா எங்க புடிக்கும், புதுப் பனியன்லயும் மில்லுக் கஞ்சி இருக்குமே, துவைச்சியா என்று கேட்டார். பி.எஸ்ஸி. படித்தவள், எனக்குத் தோன்றவில்லை பார். அவர் சட்டைகளை வெந்நீரில் போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். முதல் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி ஓடியது, அவர் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷமாக நான் போட்ட கஞ்சி. மழையானதால் அடுப்படியில்தான் காயப்போட்டேன், தோள் எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன. படம் நன்றாகப் பிடித்துவிட்டது. பனியன்களையும் அப்படியே அலசிப் போட்டுக் கொடுத்தேன், செலஸ்டின் அக்காவுக்குத் திருப்தி, சீசனுக்கு இன்னும் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஆனால் அன்றிலிருந்து அப்பா கேட் பக்கம் போகவில்லை. வாட்ச்மேன் ஒச்சப்பன் மார்க்கெட்டில் பார்த்து, ஏனுங்கக்கா, சார் வரவே காணமே, ஒடம்புக்கு முடியலீங்களா என்றார். அப்பா தினமும் போனபோது ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன், போகாமல் இருக்கும்போது வேறு பயமாக இருக்கிறது. ஏழரைக்குக் குடையை எடுப்பார், மறுபடி மாட்டிவிடுவார். ஏன் போகலை என்று கனிஷ்கா ஒரு நாள் கேட்டுவிட்டாள், பிறகு அவளும் கேட்பதில்லை.

ஒரு சட்டையில், ஃபேக்டரி ஆயுதபூஜையன்று அப்பா வாசலில் நிற்கிற போட்டோவைப் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, வெள்ளை வருகிற இடத்தைத் துணிக்கே விட்டுவிடும். அதனால் முகம், கை, பின்னால் கட்டியிருக்கிற வாழைமரம் எல்லாம் மை, அவர் போட்டிருக்கிற சட்டை மட்டும் இந்தச் சட்டையேதான். பார்சல் கட்டும்போது அப்பா தொட்டுப் பார்த்தார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவை, படத்தின்மேல் இஸ்திரி வைக்காதே, கஞ்சி போடவே போடாதே.

போன கடிதத்தில் ஃபேக்டரி திறந்தார்களா என்று கேட்டிருந்தாய், இனி அதைக் கேட்காதே சாமி. போன் செய்தால் கஞ்சி விஷயம் அவர்தான் கண்டுபிடித்தார் என்று அம்மா சொன்னாள் என்று சொல். வேறு என்ன வேண்டுமானாலும் கேள்.

வேலையில் நிதானமாக இரு, ஸ்வெட்டரை மறக்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க எங்கள் ஆசிகள், தங்கையின் அன்பு.

உன் அம்மா,
சசிரேகா

அப்பாவிடம் சொல்லிவிடாதே, ஆறு சட்டைக்குத்தான் கஞ்சி எடுத்தேன். ஏழாவதுக்குப் போன ஞாயிறும் கஞ்சி போட்டு, என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.