வயிற்றுவலிக்குச் சோடா

ஜூலை, ஞாயிறு. சாரல் விடல.

குத்தாலத்துல குளிக்க வந்த தங்கச்சி குடும்பத்தோட மத்தியானச் சாப்பாடு. காலேஜ்ல நடத்துற பாடத்தை இலைக்கு முன்னால எடுத்துவிட்டேன். குடல், ஈரல் நோயால எந்த நாட்டுல பெண்கள் அதிகம் சாகுறாங்க, எங்க குறைவுன்னு. "நம்மூர்ப் பொம்பளைங்க வலியை வெளிய சொல்லவே மாட்டாவ"ன்னு முடிச்சேன். என் பொண்டாட்டி செல்வி ரசம் ஊத்திக்கிட்டிருந்தா.

"மதினி, நீங்களும் உட்காருங்க"ன்னா தங்கச்சி.

"வேண்டாம்மா. சோறு தின்னா வயிறு வலிக்கி. போன வருஷச் சீசன்லேருந்தே இப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" எல்லார் முன்னாலயும் அதட்டினேன்.

"சொன்னேம்லா. சோடா வாங்கியாந்து தந்தியளே."

தங்கச்சி மாப்பிள்ளை குனிஞ்சு இலையை மூடினாரு.

ராத்திரியாச்சு. நாளைக்குச் செல்வியை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும். எந்தப் பக்கம் வலிக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பக்கத்துலதான் படுத்திருக்கா, முழிச்சுதான் இருக்கா. கேட்காம இதை எழுதிக்கிட்டிருக்கேன்.