காய்ச்சல் என்று சொன்ன சாவுகள்

குஞ்சு,

போன கிழமை கன்னத்துக்குள் ஒரு புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பல் கீறிய புண்தானாம். அந்த மருந்து நெடிக்குள் தாதி கேட்டாள்: "குடும்பத்தில ஆருக்கும் வாய்ப்புற்று இருந்ததோ?"

"ஓம், அம்மாவுக்கு. நாற்பத்தொரு வயதில."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. உனக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த காலத்தில், ஒரு விடுமுறைக்கு எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்த நீ, உன் ஆய்வுக்காகச் சைக்கிளில் வீடு வீடாகப் போய், வாய்ப்புற்று வந்தவர்களின் வயதைக் கேட்டு எழுதினாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, நான் சமைக்கச் சமைக்க, குசினி வாசலில் இருந்து விளங்கப்படுத்தினாய்.

"உடம்பில ஒரு கலம், செல் எண்டுறது, ஒரு பிழை விட்டால் புற்று வராது அக்கா. பிழைக்கு மேல பிழை சேர வேணும். வயது ஏற ஏற நோயாளர் எவ்வளவு கெதியாக் கூடுகினம் எண்டு பார்த்தால், எத்தினை பிழை எண்டு கணக்கில பிடிக்கலாம்."

பிறகு கேட்டாய்: "அம்மா என்ன வருத்தம் வந்து செத்தவ?" அம்மா போகும்போது உனக்கு மூன்று வயது.

"காய்ச்சல்" என்றேன்.

என் மகள் மலருக்குக் காரைநகரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். குடும்பத்தில் புற்று என்று உன் கொப்பியால் வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள்.

அதோடு நான் நிற்கவில்லை. நீ கேட்கப் போக முதல் பக்கத்து வீட்டு மணியக்காவிடம் போனேன். அவரின் புருஷனும் முப்பத்தெட்டு வயதில் அதே வருத்தத்தில் போனவர்.

"தம்பி வந்து கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"இதை நீ சொல்லித்தர வேணுமோ? எங்கட வீட்டுச் சாவை எண்ணியோ உன்ர தம்பி பாஸ் பண்ணப் போறான்?" என்று சிரித்தார்.

அப்படி இளம் சாவும் கலியாணத்துக்குப் பெண்பிள்ளைகளும் இருந்த இன்னும் நாலு வீட்டுக்கும் போய் அதையே சொன்னேன். இளம் வயதில் போனவர்கள் எல்லாரும் உன் கொப்பியில் காய்ச்சலில் போனார்கள். புற்று என்று வயதானவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வயதுப்படி நோயாளரை எண்ணி நீ கீறிய கோடு செங்குத்தாக ஏறியது.

"பன்ரண்டு பிழை வேணும் எண்டு வருது அக்கா. இப்பிடி ஒருத்தரும் கண்டதில்லை" என்று துள்ளினாய். நான் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன்.

பேராசிரியர், இப்படி வராது, கணக்கைத் திருப்பிப் பார் என்றாராம். மாதக்கணக்காகப் பார்த்தாய். "எனக்குக் கணக்கு ஏலாது அக்கா" என்று சொல்லி, பட்டத்துக்கான கடைசிச் சோதனையையும் எழுதாமல் கொழும்பில் கிளாக்கர் வேலைக்குப் போனாய்.

மலரின் கலியாணம் நடந்தது. அவளுடைய மூத்த மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு என்று நான் கேட்டபோதும், "எனக்கு ஏலாது" என்றுதான் சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாரடைப்பில் நீ போகும்வரை சொல்லவில்லை.

உன் கணக்கு சரி. உனக்குப் பொய் தந்தது நான். எங்கள் வீட்டோடு சேர்த்து அந்த ஆறு வீட்டு வயதுகளும் இன்றும் எனக்கு மனப்பாடம். இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னால், திரும்ப இருந்து போட்டுப் பார்ப்பாயா, குஞ்சு?