மண்சுவரில் ஒரு குட்டித் தூக்கம்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

நான் நலம், தொப்பை என்னைவிட நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட பழங்கால மண்வீடு ஒன்றை இடிப்பதா, விடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தேன். சுவர் நகர்ந்தால் அது உடையும். நேற்று மதியம், உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று தட்டிக் கேட்கச் சுவரில் காதை வைத்தேன். வெயில் குடித்த சுவர் உன் தோள் மாதிரி கதகதப்பாக இருந்தது. கண் செருகிவிட்டது. கனவில் நம் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. யாரோ மெல்ல உலுக்கினார்கள். நீதான் என்று நினைத்து, "இன்னும் அஞ்சு நிமிஷம்டி" என்றேன்.

உலுக்கியது பூமி. சின்ன அதிர்வுதான், பயப்படாதே.

வாசலுக்கு ஓடியிருந்த அந்த மண்வீட்டின் சொந்தக்காரம்மா சிரித்துவிட்டார். "இன்ஜினியரே சாஞ்சு தூங்குறாரு, அப்புறம் எதுக்கு சார் என் வீட்டை இடிக்கணும்?"

"என் தூக்கத்தை நம்பாதீங்கம்மா, கண்ணாடியைப் பார்ப்போம்."

கண்ணாடியில் கீறல்கூட இல்லை. பழுது பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தம்மா சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

நம் பழைய போர்வையை, துவைக்காமல், அனுப்பி வை. ஞாயிறு காலை போனில் என்னைத் திட்டி எழுப்பு. இங்கே சுவர்தான் எழுப்புகிறது. அதற்குத் திட்டத் தெரியவில்லை.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் தூங்குமூஞ்சி