ஏழே கால் பஸ்

ஆல்பினுக்கு,

பத்தொன்பது வருஷம் கழித்து நீ எழுதிய நாலு வரியிலும் பஸ் விசாரணைதான் இருக்கிறது. உன் அக்காவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். இங்கே படிக்க வரும் உன் மகள் ஜெனிட்டா வலங்கைமானில் அவர்கள் வீட்டில் தங்கினால், ஏழே கால் பஸ்ஸில் ஏறித் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கட்டும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு டவுன் பஸ் உண்டு. ஜன்னல் ஓரம் உட்காரச் சொல். நடவு முடிந்து வயலெல்லாம் பச்சையாக இருக்கும்.

ஆராய்ச்சி மாணவர்களாக நாம் மூன்று வருஷம் போன அதே பஸ். தொண்ணூற்று மூன்றில், ஒரே ஒரு விரிவுரையாளர் இடத்துக்கு இருவரும் இன்டர்வியூ போன காலையிலும் அதுதான். நீ ஃபைலை அணைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடி வந்தாய். நான் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, பஸ்ஸை நகரவிடாமல் நின்றேன்.

"அண்ணே, அந்தா வர்றான் பாருங்க. அவனுக்கும் இன்டர்வியூங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலையா?" என்றார் கண்டக்டர். "அப்புறம் எதுக்குடா நிக்கிற? ஏறு, போயிடலாம்!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

வேலை உனக்குக் கிடைத்தது. நாலே வருஷத்தில் அதை உதறிவிட்டு அமெரிக்கா போனாய். அந்த இடத்துக்கு அப்புறம் யாரையும் எடுக்கவில்லை. நான் டுட்டோரியலில் பாடம் நடத்தியே நரைத்தேன். நீ விமானம் ஏறியதைக்கூட உன் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் ஜெனிட்டாவை நானே அழைத்துப் போகிறேன். உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லதாகவே சொல்வேன். மீதியை நீ நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் வலங்கைமானிலேயே இருப்பவன்