பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பொட்டு

வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை இன்று காலை இழுத்தேன். குப்பென்று அடித்தது அந்த வாசனை. பெட்ரோலும் செயின் ஆயிலும் வெயிலில் காய்ந்த ரப்பரும் கலந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உங்கள் சட்டையில் வீசும். நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் என் வாய் தானாகக் கேட்டது, "எங்க போய்ட்டு வர்றீங்க?" பழக்கதோஷம்.

வந்த நாளிலிருந்தே அந்த வண்டியை நான் நம்பவில்லை. பழைய சிவப்பு வண்டி. முன்பக்கம் ரேஸ் வண்டிபோல் மூடிய முகம். கைப்பிடி மட்டும் நாளெல்லாம் ஓட்டினாலும் இடுப்பு வலிக்காத உயரத்தில். "வேகமாவும் போவலாம், தூரமாவும் போவலாம்" என்றீர்கள். நரைத்த தலையோடு விழுப்புரத்தில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் போகிற மனுஷனுக்கு என்ன வேகம், என்ன தூரம்? யாருடைய வண்டி என்று கேட்டேன். "கிளியனூர் பையன்து. துபாய்க்குப் போய்ட்டான்" என்றீர்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டைப் பார்த்தீர்கள். அப்போதே மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ஞாயிறுதோறும் திண்டிவனம் பக்கம் கிளம்பினீர்கள். நிறுத்தியே வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளுமாம். தெருமுனை மெக்கானிக்கைப் பிடித்து விசாரித்தேன். "தெருவுல ரெண்டு ரவுண்டு அடிச்சாலே போதும்க்கா" என்றான். அதைச் சொன்னதற்கு, "அவனுக்கு இன்னா தெரியும், பைபாஸ்ல ஓட்டுனாத்தான் இஞ்சின் தெறக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஹெட்லைட்டுக்கு மேலே சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவது நான். ஒரு ஞாயிறு நீங்கள் திரும்பி வந்தபோது டேங்கின் மேல் இன்னொரு பொட்டு இருந்தது. கோணலாக, பாதி வழிந்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக. பெரியவர்கள் விரல் வைத்த பொட்டு இல்லை அது.

"இது யாரு வெச்சது?"

"திருவாமாத்தூர் கோயில்ல வெச்சாங்க."

திண்டிவனம் ரோட்டில் போன மனுஷனுக்கு வேறு ரோட்டில் இருக்கிற திருவாமாத்தூரில் யார் பொட்டு வைத்தார்கள்? நமக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சின்ன விரல் என் வயிற்றில் நெருப்பாக உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, நீங்கள் கிளம்புவதற்கு முன்பே, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் மாறிக் கிளியனூரில் இறங்கி, டீக்கடை அம்மாவிடம் சிவப்பு வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கண்ணன் மவன் வண்டிதாங்க அது. காமாலைல செத்துப்பூட்டான், பாவம். வாங்கினவரு நல்ல மனுஷன். வாரா வாரம் கொண்டாந்து அவன் பாப்பாவ ஏத்திக்கினு ஏரிக்கரைல ஒரு சுத்து சுத்துவாரு. அப்பா வண்டி சத்தம் கேட்டாத்தான் அது சோறு சாப்புடுது."

"பாப்பாவோட அம்மா?" என் சந்தேகம் அத்தனை சீக்கிரம் விடுமா.

"அவ விடிஞ்சதும் மல்லாட்டைக் கொல்லைல கடலை புடுங்கப் பூடுவா. சாயந்தரந்தான் வருவா."

ஏரிக்கரைக்குப் போய் ஒரு பனைமரத்தின் பின்னால் நின்றேன். முதல் கியரில் நகர்ந்து வந்தீர்கள். டேங்கின் மேல் அந்தப் பெண்குழந்தை. கைப்பிடியில் இருந்த உங்கள் கைகளின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைப்பு. அது என்னவோ சொல்ல, நீங்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தீர்கள். உங்களோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் நம் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அது உங்களிடம் இல்லை. ஆபீஸ் முகம்தான் இருந்தது.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"சும்மா, பைபாஸ்ல."

ஏன் மறைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். செத்தவர் வீட்டுக் கட்டில் ஒன்றை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான். இது செத்தவன் வண்டி என்று தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று பயந்தீர்கள். சரி, வண்டியை மறைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. குழந்தையை எதற்கு மறைத்தீர்கள்? இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். காப்பியை நீட்டும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கூடவே நின்றேன். ஒரு காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், சொல்லாமலே போய்விட்டீர்கள்.

கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்சீட்டில் ஏறி வந்திருப்பேன். அந்தக் குழந்தைக்குத் தலை பின்னி விட்டிருப்பேன், சோறு ஊட்டியிருப்பேன். பிள்ளையில்லாதவள் அடுத்தவள் பிள்ளையைப் பார்த்தால் வயிறெரிவாள் என்று நினைத்தீர்கள், இல்லையா?

புருஷனைச் சந்தேகப்படுகிறவள் என்று ஊரெல்லாம் எனக்குப் பெயர். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.